வண்டி பேசும் மொழி

பாடம் 7 – உரைநடை (அறிவியலும் தொழில்நுட்பமும்)

கற்றல் நோக்கங்கள்

• இயந்திரம் ஒன்றின் அமைப்பையும் செயலையும் விளக்கும் உரைநடையைப் படித்துப் பொருளுணர்தல்.
• குறி, காரணம், தீர்வு என்னும் முறையில் செய்திகளைப் பகுத்தறிதல்.
• இரட்டைக்கிளவி, அடுக்குத்தொடர் ஆகியவற்றை வேறுபடுத்தி அறிந்து பயன்படுத்துதல்.

நுழையும்முன்

‘அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது’ என்பது பழமொழி. தேர் எவ்வளவு பெரிதாயினும் அதன் ஓட்டம் விரலளவே உள்ள ஓர் ஆணியை நம்பி இருக்கிறது. இன்றைய மகிழுந்துக்கும் அத்தகைய அச்சாணிகள் பல உண்டு. அவை தேயத் தொடங்கும்போது வண்டி ஒலியாலும் அதிர்வாலும் அதைத் தெரிவிக்கிறது. அம்மொழியை அறிந்துகொள்ளும் வழியைக் கூறுவது இப்பாடம்.

பாடம்

1. இரு பெரும் பணிகள்

ஓடும் மகிழுந்து தரையைத் தொடும் இடங்கள் நான்கே. ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு பரப்பில்தான் சாலையைப் பற்றி நிற்கிறது. வண்டியின் எடை, அதில் அமர்ந்திருப்போரின் எடை, வேகம், திருப்பம், நிறுத்தம் ஆகிய அனைத்தையும் இந்த நான்கு உள்ளங்கைகளே தாங்குகின்றன. அவை எத்திசையில் செல்ல வேண்டும் என்பதை முடிவு செய்வது திசைமாற்றி அமைப்பு. மேடு பள்ளங்களிலும் அவற்றைத் தரையிலிருந்து விலகாமல் காப்பது தாங்கமைப்பு. பணிமனைகளில் முன்னதை ஸ்டீயரிங் என்றும் பின்னதைச் சஸ்பென்ஷன் என்றும் வழங்குவர். இயந்திரம் பழுதானால் வண்டி நின்றுவிடும். இவ்விரண்டும் பழுதானாலோ வண்டி நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் ஓட்டுநரின் சொல்லைக் கேளாது. ஆகவே இவற்றின் பழுது மற்றப் பழுதுகளைவிட ஆபத்தானது.

2. ஸ்டீயரிங்: கையிலிருந்து சக்கரம் வரை

ஓட்டுநர் ஸ்டீயரிங் சக்கரத்தைத் திருப்பும்போது அதனோடு இணைந்த தண்டு சுழல்கிறது. தண்டின் அடிமுனையில் சிறிய பற்சக்கரம் உள்ளது. அது பற்கள் வெட்டப்பட்ட நீண்ட சட்டத்தின்மீது உருண்டு, அச்சட்டத்தை இடமாகவோ வலமாகவோ நகர்த்துகிறது. சட்டத்தின் இரு முனைகளிலும் ‘டை ராடு’ எனப்படும் இணைப்புத் தண்டுகள் உள்ளன. அவை சக்கரங்களைத் தாங்கும் இரும்புக் கையைத் தள்ளியும் இழுத்தும் சக்கரத்தைத் திருப்புகின்றன. டை ராடின் முனையில் ஒரு குண்டும் அது சுழலும் கிண்ணமும் உள்ளன. மனிதத் தோள்மூட்டைப் போன்ற இவ்வமைப்பால் தண்டு பல திசைகளிலும் அசைய முடிகிறது. மூட்டினுள் கிரீஸ் நிரப்பி, அதன்மேல் ரப்பர் உறை போட்டு மூடியிருப்பர்.

வண்டி வளைவில் செல்லும்போது உட்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓடுகின்றன. எனவே இரண்டும் ஒரே அளவு திரும்பினால் அவற்றுள் ஒன்று தரையில் தேய்ந்து இழுபடும். உட்சக்கரம் சற்றுக் கூடுதலாகத் திரும்பும்படி இணைப்புகளை அமைக்கும் முறையை மியூனிக் நகரில் வண்டி செய்துவந்த கியோர்க் லாங்கென்ஷ்பெர்கர் கண்டறிந்தார். ருடால்ஃப் ஆக்கர்மன் 1818-ஆம் ஆண்டில் அதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டிக்காகப் பிறந்த அந்தக் கருத்தே இன்றைய மகிழுந்துகளுக்கும் அடிப்படையாக இருக்கிறது.

நிற்கும் வண்டியின் சக்கரங்களைத் திருப்ப மிகுந்த வலிமை வேண்டும். அதற்கு உதவுவதே பவர் ஸ்டீயரிங். 1951-இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டீயரிங்கைத் தன் இம்பீரியல் மகிழுந்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1988-இல் ஜப்பானின் சுசுகி நிறுவனம் செர்வோ என்னும் சிறிய மகிழுந்தில் மின்மோட்டார் உதவியால் இயங்கும் ஸ்டீயரிங்கைப் பொருத்தியது. இன்று இந்தியச் சாலைகளில் ஓடும் புதிய சிறு மகிழுந்துகள் பெரும்பாலும் இவ்வகையைச் சார்ந்தவை.

3. சஸ்பென்ஷன்: தாங்குவதும் அடக்குவதும்

தாங்கமைப்பில் சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் முதன்மையானவை. இவற்றின் பணிகளைப் பலர் மாற்றிப் புரிந்துகொள்கின்றனர். பள்ளத்தின் அடியை முதலில் வாங்கிக்கொள்வது சுருள்வில்லே. ஆனால் அழுந்திய வில் உடனே விரியும். விரிந்தது மீண்டும் அழுந்தும். ஊஞ்சலைப் போன்ற இவ்வாட்டத்தை விரைவில் அடக்குவதே ஷாக் அப்சார்பரின் பணி. அதன் குழாயினுள் எண்ணெய் உண்டு. எண்ணெயில் மூழ்கிய உந்துதட்டில் நுண்துளைகள் உண்டு. தட்டு மேலும் கீழும் நகர, எண்ணெய் அத்துளைகளின் வழியே பிதுங்கிச் செல்கிறது. அப்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. கரடுமுரடான சாலையில் நெடுந்தொலைவு சென்ற வண்டியின் ஷாக் அப்சார்பர் சூடாக இருப்பது இதனால்தான்.

இவற்றோடு, சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் ‘லோயர் ஆர்ம்’ என்னும் கீழ்க்கை, அதன் முனையிலுள்ள பால் ஜாயின்ட், அதிர்வை வாங்கும் ரப்பர் புஷ்கள், வளைவில் வண்டி ஒருபக்கம் சாயாமல் தடுக்கும் கம்பி ஆகியவையும் சேர்ந்ததே தாங்கமைப்பு.

இந்திய வண்டிகளில் இதன் வளர்ச்சியைக் காணலாம். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் உருவாகி, 2014 வரை வெளிவந்த அம்பாசிடரின் முன்சக்கரங்களை முறுக்குத் தண்டுகளும் பின்சக்கரங்களை அடுக்குப் பட்டை வில்களும் தாங்கின. 1983-இல் வெளிவந்த மாருதி 800 மகிழுந்தின் முன்சக்கரங்களில் சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இணைந்திருந்தன. அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்ஃபர்சன் வகுத்த இம்முறை ‘மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்’ என அவர் பெயராலேயே வழங்குகிறது.

4. நோயும் நோயின் முதலும்

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவர் செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்துகிறது. நோய் இன்னது என அறிதல், அது தோன்றிய காரணத்தை அறிதல், தணிக்கும் வழியை அறிதல், பிறகே செயலில் இறங்குதல் என்பது அவ்வரிசை. நல்ல மெக்கானிக்கும் இவ்வரிசையை மாற்றுவதில்லை. காரணம் அறியாமல் பாகங்களை மாற்றிக்கொண்டே போனால் பணம் கரையும். பழுது மட்டும் தீராது. அவர் காதாலும் கையாலும் கண்ணாலும் வண்டியை நாடிபார்க்கிறார்.

காதால் அறிவன: சிறு கற்கள் நிறைந்த சாலையில் மெதுவாகச் செல்லும்போது முன்பக்கத்தில் ‘லொடலொட’ என்ற ஒலி எழுந்தால், சாய்வைத் தடுக்கும் கம்பியின் இணைப்புகள் தேய்ந்திருக்கக்கூடும். பெரும் பள்ளத்தில் இறங்கும்போது ஒற்றை அடியாக ‘டொக்’ என்று கேட்டால், பால் ஜாயின்ட், கீழ்க்கையின் புஷ், ஸ்ட்ரட்டின் மேல்முனை ஆகியவற்றுள் ஒன்றில் தளர்ச்சி இருக்கலாம். ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி வண்டியை நகர்த்தும்போது ‘டக்டக்’ எனத் தொடர்ந்து ஒலித்தால், அது பெரும்பாலும் சஸ்பென்ஷனின் குறையன்று; முன்சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டுத் தேய்ந்ததன் அடையாளம். வேகம் கூடக்கூட வளரும் ரீங்காரம் சக்கரத்தின் பேரிங்கைச் சுட்டும்.

கையால் அறிவன: நேரான சமதளச் சாலையில் வண்டி ஒருபக்கமாக இழுத்தால், முதலில் பார்க்க வேண்டியது டயர்களின் காற்றழுத்தம். ஒரு டயரில் காற்று குறைந்தாலே வண்டி அப்பக்கம் இழுக்கும். காற்றுச் சரியாக இருந்தும் இழுத்தால், ஒரு சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்திருக்கிறதா என்றும், பிறகு சக்கரங்களின் கோணம் மாறியிருக்கிறதா என்றும் ஆராய வேண்டும். செலவில்லாச் சோதனை முதலில், செலவுள்ள சோதனை பிறகு என்பது தொழிலறிந்தோர் முறை.

மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டும்போது ஸ்டீயரிங் கிடுகிடுவென நடுங்கி, வேகம் குறைந்ததும் அடங்கினால், சக்கரத்தின் எடை சீராகப் பரவவில்லை எனக் கொள்ளலாம். சக்கர விளிம்பில் சிறு எடைகளைப் பொருத்தி இதனைச் சரிசெய்வர். இதுவே வீல் பேலன்சிங். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் தட்டின் சமனற்ற தேய்வு காரணமாகலாம். ஸ்டீயரிங்கைச் சிறிது அசைத்தும் சக்கரம் திரும்பாமல் ‘ஆட்டம்’ இருந்தால் டை ராடு முனைகளையோ ஸ்டீயரிங் பெட்டியையோ ஐயுற வேண்டும். வளைவில் திரும்பிய பின் ஸ்டீயரிங் தானாக நேர்நிலைக்கு வர மறுத்தால், எங்கோ ஒரு மூட்டு இறுகியுள்ளது அல்லது சக்கரக் கோணம் மாறியுள்ளது.

கண்ணால் அறிவன: டயர் ஓர் ஏடு. அதன் தேய்வே எழுத்து. நடுப்பகுதி மட்டும் வழவழவெனத் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. இரு விளிம்புகளும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரக் கோணம் சரியில்லை. இடையிடையே கிண்ணக்குழிகள் போலத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்து, சக்கரம் தரையில் தத்தித் தத்தி ஓடியிருக்கிறது. டயரின் மேற்பரப்பைக் குறுக்காகத் தடவும்போது ஒருபுறம் வழவழப்பாகவும் மறுபுறம் சொரசொரப்பாகவும் இருந்தால் சக்கரங்கள் நேர்முகமாக இல்லை எனப் பொருள். பாதங்களை உள்நோக்கியோ வெளிநோக்கியோ திருப்பி வைத்து நடப்பவரின் செருப்பு ஒருபுறமாகத் தேய்வதை இதனோடு ஒப்பிடலாம்.

ஷாக் அப்சார்பரின் குழாயில் எண்ணெய் வழிந்து தூசி படிந்திருத்தல், நிற்கும் வண்டியின் ஒரு மூலை தாழ்ந்திருத்தல், மூட்டுகளின் ரப்பர் உறை கிழிந்திருத்தல் ஆகியவையும் கண்ணுக்குத் தெரியும் குறிகளே.

5. ஒரு கிழிந்த உறையின் கதை

ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 44, நாட்டின் மிக நீண்ட நெடுஞ்சாலை. நாகபுரி, ஐதராபாத், பெங்களூரு, சேலம், மதுரை ஆகிய நகரங்களை அது ஒரே இழையில் கோக்கிறது. பணியின் பொருட்டு வடபுலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறையில் சொந்த ஊருக்கு வண்டியில் புறப்படுவதுண்டு. கூரைமேல் பெட்டிகள், பின்னிருக்கையில் பிள்ளைகள், பாட்டிக்கு வாங்கிய பரிசுப் பொருள்கள் என வண்டி நிறைந்திருக்கும். ஆண்டு முழுவதும் நகருக்குள் மெல்ல ஓடிய வண்டி, அன்றுதான் முழுச் சுமையோடும் முழு வேகத்தோடும் நாள்முழுவதும் ஓடப்போகிறது.

அவ்வண்டியின் பால் ஜாயின்டை மூடிய ரப்பர் உறை முந்தைய மழைக்காலத்திலேயே கிழிந்துவிட்டதாகக் கொள்வோம். கிழிசல் வழியே கிரீஸ் கசிகிறது. நீரும் மணலும் உள்ளே புகுகின்றன. மணல் குண்டையும் கிண்ணத்தையும் அராவுகிறது. சில மாதங்களில் ‘டொக்’ என்ற ஒலி தொடங்குகிறது. “பழைய வண்டி என்றால் சத்தம் வராமலா இருக்கும்?” என்று வீட்டார் வானொலியின் ஒலியைக் கூட்டிவிடுகின்றனர். ஒலி பழகிவிடுகிறது. பழகிய ஒலி காதில் விழுவதில்லை. இறுதியில் ஏதேனும் ஒரு பள்ளத்தில் குண்டு கிண்ணத்தை விட்டுக் கழன்றுவிடுகிறது. அந்தக் கணமே சக்கரம் மடிந்து சாய்கிறது. ஸ்டீயரிங் கையில் இருந்தும் பயனில்லாமல் போகிறது. பணிமனை வாயிலில், நடைவேகத்தில் இது நேர்ந்தால் பொருளிழப்போடு முடியும். நெடுஞ்சாலையில் நேர்ந்தால் எதனோடு முடியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பால் ஜாயின்ட் எவ்வித முன்னறிவிப்பும் இல்லாமல் கழலவில்லை. உறை கிழிந்தபோது கண்ணுக்குத் தெரிந்தது. கிரீஸ் கசிந்தபோது தரையில் தெரிந்தது. தேய்ந்தபோது காதுக்குக் கேட்டது. மூன்று முறை வண்டி பேசியது. மூன்று முறையும் கேட்பாரில்லை.

6. பழுது நீக்கும் முறை

வண்டியின் அடியில் வேலை செய்வோர் முதலில் காக்க வேண்டியது தம் உயிரை. ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கான கருவியே அன்றித் தாங்கி நிற்பதற்கான கருவி அன்று. தூக்கிய வண்டியை உறுதியான தாங்கிகளின்மேல் இறக்கிய பின்னரே சோதனையைத் தொடங்க வேண்டும். தரையிலுள்ள சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்தலும் இன்றியமையாதது.

தூக்கிய சக்கரத்தை இடமும் வலமுமாகப் பற்றி அசைக்கும்போது தளர்ச்சி தெரிந்தால், டை ராடு முனையில் குறை இருக்க வாய்ப்புண்டு. மேலும் கீழுமாகப் பற்றி அசைக்கும்போது தெரிந்தால், பால் ஜாயின்டோ சக்கர பேரிங்கோ காரணமாகலாம். இவ்விரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. உதவியாளர் ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, மீண்டும் அசைத்துப் பார்க்க வேண்டும். தளர்ச்சி மறைந்தால் பேரிங். மறையாவிடில் பால் ஜாயின்ட்.

டை ராடு முனையை மாற்றுவது பணிமனைகளில் அடிக்கடி நிகழும் வேலை. அதன் படிகள் வருமாறு:

1. தண்டையும் முனையையும் இறுக்கியுள்ள பூட்டு நட்டைத் தளர்த்துதல்.
2. மூட்டின் நட்டு கழலாமல் காக்கும் சிறு ஊசியை நீக்கி, நட்டைக் கழற்றுதல்.
3. மூட்டைப் பிரிக்கும் கருவியால் முனையை விடுவித்தல். சுத்தியலால் ஓங்கி அடித்தால் பக்கத்துப் பாகங்களும் கெடும்.
4. பழைய முனையைத் திருகிக் கழற்றும்போது எத்தனை சுற்றுகள் என எண்ணிக் குறித்துக்கொள்ளுதல்.
5. புதிய முனையை அதே எண்ணிக்கையில் திருகிப் பொருத்துதல்.
6. நட்டைக் கையேட்டில் கூறிய அளவுக்கு இறுக்கி, புதிய ஊசியைச் செருகுதல். பூட்டு நட்டையும் இறுக்குதல்.
7. வீல் அலைன்மென்ட் செய்து சக்கரக் கோணங்களைச் சரிபார்த்தல்.

ஐந்தாம் படியில் சுற்றுகளை எண்ணிப் பொருத்தினாலும் ஏழாம் படியைத் தவிர்க்கக் கூடாது. எண்ணிக்கை வண்டியைப் பணிமனையிலிருந்து அலைன்மென்ட் மையம் வரை கொண்டுசேர்க்கும். சரியான கோணத்தைத் தராது. ஆறாம் படியில் வரும் ஊசி சில ரூபாயே பெறும். பழமொழி கூறும் அச்சாணி இதுவே. சில வண்டிகளில் ஊசிக்கு மாற்றாகத் தானே பூட்டிக்கொள்ளும் நட்டு இருக்கும். அதைக் கழற்றினால் புதியதையே போட வேண்டும்.

ஷாக் அப்சார்பர்களை மாற்றும்போது ஒரே அச்சிலுள்ள இரண்டையும் சேர்த்து மாற்றுவது நெறி. ஒன்று புதிதாகவும் மற்றொன்று தளர்ந்தும் இருந்தால், வண்டி இருபுறமும் ஒரே சீராகத் தரையைப் பற்றாது. ஸ்ட்ரட்டைப் பிரிக்கும் வேலையில் தனிக் கவனம் வேண்டும். அதிலுள்ள சுருள்வில் அழுத்தப்பட்ட நிலையில் இருக்கிறது. உரிய கருவியால் வில்லைக் கட்டாமல் மேல் நட்டைக் கழற்றினால், அது ஆளைக் கொல்லும் விசையோடு தெறிக்கும். எனவே இவ்வேலை பயிற்சி பெற்றோர்க்கே உரியது. கீழ்க்கையின் ரப்பர் புஷ்ஷை மாற்றியவர், வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய பின்னரே அதன் போல்ட்டை முற்றும் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும்.

7. வண்டியை ஓட்டக்கூடாத வேளை

சில குறிகளைக் கண்டபின் பொறுத்திருக்கலாம். சிலவற்றைக் கண்டபின் வண்டியை நகர்த்தவே கூடாது. ஸ்டீயரிங்கில் திடீரென ஆட்டம் மிகுதல், ஸ்டீயரிங் ஓரிடத்தில் சிக்கிக்கொள்ளுதல், பால் ஜாயின்டில் தெளிவான தளர்ச்சி, உடைந்த சுருள்வில், டயரின் பக்கவாட்டில் புடைப்பு ஆகியவை இரண்டாம் வகையைச் சார்ந்தவை. இந்நிலையில் வண்டியைப் பணிமனைக்கு ஓட்டிச் செல்லாமல், ஏற்றிச் செல்லும் ஊர்தியை அழைப்பதே அறிவுடைமை.

மலைச்சாலையின் இறக்கத்தில் எரிபொருளைச் சேமிக்க எண்ணி இயந்திரத்தை அணைத்துவிடுவோர் உளர். இயந்திரம் அணைந்தால் பவர் ஸ்டீயரிங்கின் உதவி நின்று ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக்கின் துணைவிசையும் சிறிது நேரத்தில் தீர்ந்துவிடும். சாவியை முழுவதும் திருப்பி எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். சேமித்த சிறிதளவு எரிபொருள் இழந்த கட்டுப்பாட்டுக்கு ஈடாகாது.

மாதம் ஒருமுறை டயரின் காற்றழுத்தத்தை, வண்டி ஓடிச் சூடேறும் முன் பார்த்தல். உரிய அளவு பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும். பள்ளங்களுக்கு முன் பிரேக் பிடித்து, பள்ளத்தினுள் சக்கரம் இறங்கும்போது பிரேக்கை விடுதல். நெடும்பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே வண்டியைச் சோதித்தல். இவை பெருஞ்செலவில்லாத பழக்கங்கள். புதிய ஒலி ஒன்று கேட்டால் எந்த வேகத்தில், எத்தகைய சாலையில், எந்தப் பக்கத்திலிருந்து, திரும்பும்போதா நேராகச் செல்லும்போதா கேட்டது எனக் குறித்துவைப்பது மெக்கானிக்குக்குப் பேருதவி. நோயாளி தன் நோயைத் தெளிவாகச் சொன்னால் மருத்துவரின் பாதி வேலை முடிந்துவிடும். வண்டியால் தெளிவாகச் சொல்ல இயலாது. அதன் சார்பில் சொல்ல வேண்டியவர் அதில் பயணம் செய்வோரே.

சொல்லும் பொருளும்

மகிழுந்து – கார்
தாங்கமைப்பு – வண்டியின் எடையையும் அதிர்வையும் தாங்கும் அமைப்பு
அராவுதல் – தேய்த்துக் கரைத்தல்
ஐயுறுதல் – சந்தேகித்தல்
முதல் – (இங்கு) காரணம்
நாடி பார்த்தல் – ஆராய்ந்து நிலையறிதல்
முச்சாண் – மூன்று சாண்
நெறி – முறை

இலக்கணம் அறிவோம்: இரட்டைக்கிளவியும் அடுக்குத்தொடரும்

‘ஸ்டீயரிங் கிடுகிடுவென நடுங்கியது’ என்னும் தொடரில் ‘கிடுகிடு’ என்பது இரட்டித்தே வந்துள்ளது. அதைப் பிரித்துக் ‘கிடு’ எனத் தனியே கூறினால் பொருள் தராது. இவ்வாறு இரட்டித்தே வந்து, பிரித்தால் பொருள் தராத சொல் இரட்டைக்கிளவி. ஒலி, அசைவு, தன்மை ஆகியவற்றைக் குறிப்பால் உணர்த்த இது பயன்படும்.

‘நிறுத்து நிறுத்து, சக்கரம் ஆடுகிறது!’ என்னும் தொடரில் ‘நிறுத்து’ என்னும் சொல் விரைவு பற்றி அடுக்கி வந்துள்ளது. இதைப் பிரித்தாலும் ‘நிறுத்து’ என்பது பொருள் தரும். இவ்வாறு வருவது அடுக்குத்தொடர். விரைவு, அச்சம், வெகுளி, உவகை முதலியவற்றால் ஒரு சொல் இரண்டு, மூன்று, நான்கு முறை வரையிலும் அடுக்கி வரும். இரட்டைக்கிளவியோ இரண்டாக மட்டுமே வரும்.

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. உட்சக்கரம் கூடுதலாகத் திரும்பும் முறைக்கு 1818-இல் காப்புரிமை பெற்றவர் ____________.
2. அழுந்திய சுருள்வில்லின் ஆட்டத்தை அடக்குவது ____________.
3. டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருப்பதற்குக் காரணம் ____________.
4. ஜாக்கி வண்டியைத் ____________ கருவியே அன்றித் ____________ கருவி அன்று.

ஆ. பொருத்துக.

1. வேகம் கூடும்போது மட்டும் நடுக்கம் – அ) காற்றுக் குறைவு
2. டயரின் இரு விளிம்புகளும் தேய்தல் – ஆ) சக்கர பேரிங்
3. வேகத்தோடு வளரும் ரீங்காரம் – இ) ஷாக் அப்சார்பர் தளர்ச்சி
4. டயரில் கிண்ணக்குழித் தேய்வு – ஈ) வீல் பேலன்சிங் குறை

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் பழுதுகள் இயந்திரப் பழுதைவிட ஆபத்தானவை ஆவது ஏன்?
2. பால் ஜாயின்டின் தளர்ச்சியையும் பேரிங்கின் தளர்ச்சியையும் பிரித்தறிவது எவ்வாறு?
3. ஷாக் அப்சார்பர்களை இணையாக மாற்ற வேண்டியதன் காரணம் யாது?
4. இறக்கத்தில் இயந்திரத்தை அணைப்பதால் விளையும் கேடுகள் யாவை?

ஈ. விரிவாக விடை எழுதுக.

1. ‘மூன்று முறை வண்டி பேசியது’ – இத்தொடரைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.
2. வண்டி ஒருபக்கம் இழுக்கிறது. குறி, காரணம், தீர்வு என்னும் முறையில் அதைச் சோதிக்கும் வரிசையை எழுதுக.
3. டை ராடு முனையை மாற்றும் படிகளுள் ஏழாவதை விட்டுவிட்டால் டயர்களுக்கு என்ன நேரும்? பாடத்தின் நான்காம் பகுதியைத் துணைகொண்டு விடை தருக.

உ. இரட்டைக்கிளவியா அடுக்குத்தொடரா எனக் கண்டறிந்து எழுதுக.

1. சாளரக் கண்ணாடி படபடவென அடித்துக்கொண்டது.
2. பாம்பு பாம்பு என்று சிறுவன் அலறினான்.
3. பழைய பேருந்து கடகடவென ஓடியது.
4. வருக வருக என வரவேற்றனர்.
5. பணிமனையின் தரை வழவழவென இருந்தது.

ஊ. கடிதம் எழுதுக.

குடும்பத்துடன் நெடும்பயணம் செல்லவிருப்பதால் வண்டியைச் சோதித்துத் தருமாறு பணிமனை மேலாளருக்குக் கடிதம் எழுதுக. வண்டியில் கேட்கும் ஒலி ஒன்றையும், அது கேட்கும் வேகம், சாலை, பக்கம் ஆகியவற்றையும் அதில் தெளிவாகக் குறிப்பிடுக.

எ. செயல்பாடு

1. நிறுத்தி வைக்கப்பட்டுள்ள வண்டி ஒன்றின் நான்கு டயர்களையும் பெரியோர் துணையுடன் உற்றுநோக்குக. தேய்வின் வகையைக் குறித்து, அதன் காரணத்தை எழுதுக. வண்டியின் அடியில் செல்லக் கூடாது.
2. அருகிலுள்ள பணிமனைக்குச் சென்று, இப்பாடத்தில் வந்துள்ள ஐந்து பாகங்களை அங்கே எப்பெயரால் அழைக்கின்றனர் எனக் கேட்டறிக. அப்பெயர்களையும் பாடத்தில் உள்ள பெயர்களையும் அட்டவணையாக எழுதி வகுப்பில் பகிர்க.